சான்சிபார் தனி நாடா, தான்சானியாவின் மாநிலமா?

கேள்வி: என் மகளுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் சான்சிபார் வளாகத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. விசா விண்ணப்பத்தில் நாட்டின் பெயர் தான்சானியா என்று இருக்கிறது. ஆனால் சான்சிபாருக்குத் தனி அதிபர், தனி அமைச்சரவை, தனிக் கொடி, தனி அரசமைப்புச் சட்டம்கூட இருப்பதாகப் படிக்கிறேன். அங்கே என் மகளுக்கு எந்த அரசின் சட்டம் பொருந்தும்? ஒரு சிக்கல் வந்தால் யாரிடம் போவது? படிப்பு முடிவதற்குள் அந்தத் தீவு பிரிந்துபோனால் பட்டம் என்னவாகும்? உறவினர் ஒருவர், "அது நம் காஷ்மீர் மாதிரிதான், ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்" என்கிறார். விளக்க வேண்டுகிறேன். – ஒரு தந்தை, திருச்சி.

பதில்: அன்புள்ள ஐயா, பன்னாட்டுச் சட்டத்தின் கண்ணில் சான்சிபார் தனி நாடு அல்ல, அதே சமயம் தமிழ்நாடு அல்லது கேரளத்தைப் போன்ற மாநிலமும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டமே வரைந்து வைத்த ஓர் இடத்தில் அது இருக்கிறது. அந்தச் சட்டத்தை நீங்கள் முழுதும் படிக்க வேண்டியதில்லை. அதன் முதல் அட்டவணை ஒன்றைத் தெரிந்துகொண்டால், உங்கள் மகளின் அன்றாட வாழ்க்கையில் எழக்கூடிய பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மீதிக் கேள்விகளுக்கு அந்த நாட்டு வழக்கறிஞர்களிடமே உறுதியான விடை இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரித்தானியரிடமிருந்து தங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி) 1961 டிசம்பரிலும், சான்சிபார் 1963 டிசம்பரிலும் தனித்தனியாகவே விடுதலை பெற்றன. ஒரே மாதத்தில், 1964 ஜனவரி 12 அன்று, சான்சிபாரில் புரட்சி வெடித்துச் சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு தங்கனீக்காவின் ஜூலியஸ் நைரேரேயும் சான்சிபாரின் அபெய்ட் கருமேயும் ஓர் ஒன்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட, ஏப்ரல் 26 அன்று இரண்டு நாடுகளும் ஒன்றாயின. அந்த உடன்படிக்கை 11 விவகாரங்களை மட்டுமே ஒன்றியத்திடம் ஒப்படைத்தது. மீதி எல்லாம் சான்சிபாரிடமே நின்றன. இன்று நடப்பில் உள்ள 1977ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்த 11 விவகாரங்கள் 22 ஆகப் பெருகியிருக்கின்றன. அயலுறவு, பாதுகாப்பு, காவல்துறை, குடியுரிமை, குடிவரவு, வருமான வரி, சுங்கம், துறைமுகம், நாணயம், உயர்கல்வி, பெட்ரோலியம், மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியல் கட்சிகளின் பதிவு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பட்டியல் இப்படி நீண்டதே சான்சிபார்க்காரர்களின் பழைய மனக்குறை.

நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஓரிடத்தில் தடுமாறுவீர்கள். இந்தியாவில் மூன்று பட்டியல்களில் எதிலும் இல்லாத எஞ்சிய அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போகிறது. தான்சானியாவில் பட்டியல் ஒன்றுதான்; அதில் இல்லாதது எதுவாயினும், சான்சிபாரைப் பொறுத்தவரை, அங்குள்ள சட்டமன்றமான பிரதிநிதிகள் சபைக்கே உரியது. நிலம், பள்ளிக்கல்வி, மருத்துவம், தொழிலாளர் நலம், சுற்றுலா, உள்ளூர்க் குற்றவியல் சட்டம் எல்லாம் இப்படித்தான் தீவின் கையில் இருக்கின்றன. 64ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிரதிநிதிகள் சபை ஒன்றிய விவகாரத்தில் சட்டம் இயற்றினால் அது செல்லாது, ஒன்றிய நாடாளுமன்றம் சபைக்குரிய விவகாரத்தில் இயற்றினாலும் அதுவும் செல்லாது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்று சான்சிபாருக்குப் பொருந்த வேண்டுமானால், பொதுவாக அது அந்தச் சட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பெருநிலத்து நகரமான தார் எஸ் சலாமில் ஒரு சட்ட நூலைப் புரட்டும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இந்த அமைப்பின் விசித்திரம் மறுபக்கத்தில் இருக்கிறது. சான்சிபாருக்குத் தனி அரசு உண்டு. பழைய தங்கனீக்காவுக்கு, அதாவது பெருநிலப்பரப்புக்கு, தனி அரசு கிடையாது. ஒன்றிய அரசே பெருநிலத்தின் அரசாகவும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 17 லட்சம். அதில் சான்சிபாரின் பங்கு 19 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஆகவே பெருநிலத்தார், "எங்களுக்குப் பெயர்கூட இல்லை, அவர்களுக்கு மட்டும் ஓர் அரசா?" என்று கேட்கிறார்கள், தீவினர், "ஒன்றியம் என்ற பெயரில் பெருநிலம் அல்லவா எங்களை ஆளுகிறது?" என்று கேட்கிறார்கள். இருவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே அமைப்பிலிருந்து கிளைத்த இரண்டு குறைகள் இவை. நீதிபதி வாரியோபா தலைமையிலான அரசமைப்புச் சீராய்வு ஆணையம் 2013இல் மூன்று அரசுகள் கொண்ட வரைவை முன்வைத்தது. 2014இல் கூடிய அரசியல் நிர்ணய சபை அதைத் தள்ளிவிட்டு, இரண்டு அரசுகளே போதும் என்று வேறொரு வரைவை ஏற்றது. அதன் மீது 2015 ஏப்ரலில் நடக்க வேண்டியிருந்த பொதுவாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டு, பிறகு நடக்கவேயில்லை.

இனி நீங்கள் கேட்ட 'தனி அரசமைப்புச் சட்டம்' பற்றி. சான்சிபாருக்கு 1984ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் உண்டு. ஒன்றியத்தின் அரசமைப்புச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே தான்சானியா ஒரே இறையாண்மை அரசு என்கிறது. 2008இல் அப்போதைய பிரதமர் நாடாளுமன்றத்தில் சான்சிபார் ஒரு நாடல்ல என்று சொல்லப்போக, தீவில் பெரும் சலசலப்பு எழுந்தது. அதற்கு மறுமொழி போல 2010இல் சான்சிபார் தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, ஐக்கியக் குடியரசை உருவாக்கும் இரண்டு நாடுகளில் தானும் ஒன்று என்று எழுதிக்கொண்டது. தன் நிலப்பரப்பை மாகாணங்களாகப் பிரிக்கும் அதிகாரத்தையும் தன் அதிபருக்கே கொடுத்துக்கொண்டது. ஒன்றியத்தின் சட்டமோ, சான்சிபார் அதிபரைக் கலந்து ஒன்றிய அதிபர் செய்ய வேண்டிய வேலை அது என்கிறது. இரண்டு சட்டங்களும் இன்று ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன.

அப்படியானால் எது மேலானது? சட்டப்படி ஒன்றிய அரசமைப்புச் சட்டம் நாடு முழுவதிலும் உயர்சட்டம். நீதிமன்றமும் ஒருமுறை இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சான்சிபார் அரசைக் கவிழ்க்க முயன்றதாக எதிர்க்கட்சியைச் சேர்ந்த 18 பேர் மீது தேசத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 நவம்பரில், சான்சிபார் இறையாண்மை கொண்ட அரசல்ல, ஆகவே அதற்கு எதிராகத் தேசத்துரோகம் என்ற குற்றமே நிகழ முடியாது என்று தீர்ப்பளித்தது. சான்சிபாரின் தகுதியைச் சுருக்கிய அதே வாசகம்தான் அந்தப் பதினெட்டுப் பேரைக் காப்பாற்றியது. தீவின் உரிமைகளுக்காக உரக்கக் குரல் கொடுத்த கட்சி அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

அயலுறவில் இந்த எல்லை இன்னும் கறாரானது. 1992 இறுதியில் சான்சிபார் தானாகவே இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் சேர்ந்தது. அயலுறவு ஒன்றிய விவகாரம் என்ற ஆட்சேபம் வலுத்ததால் 1993இல் விலக நேர்ந்தது. கால்பந்தில்கூட இதே கதைதான்: 2017 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு சான்சிபாரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாட்டுக்கு இரண்டு இடம் தர இயலாது என்று அதே ஆண்டு ஜூலையில் நீக்கிவிட்டது.

ஆனால் எல்லாத் தகராறுகளும் இப்படி முடிவதில்லை. இரண்டு அரசுகளுக்கும் இடையே அரசமைப்புச் சட்டத்தின் பொருள் குறித்து வழக்கு வந்தால் விசாரிப்பதற்கென்றே 125, 126ஆம் பிரிவுகள் ஓர் அரசமைப்புச் சிறப்பு நீதிமன்றத்தை ஏற்படுத்தியிருக்கின்றன. அதன் உறுப்பினர்களில் பாதிப்பேரை ஒன்றியமும் பாதிப்பேரை சான்சிபாரும் நியமிக்க வேண்டும். தீர்ப்புக்கு இரு பக்க உறுப்பினர்களிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். காகிதத்தில் இதைவிடச் சமமான நடுவர் மன்றத்தைக் கற்பனை செய்வது கடினம். அது ஒருமுறைகூட அமர்ந்து ஒரு வழக்கைக் கேட்டதில்லை. 1984 ஜனவரியில் அப்போதைய சான்சிபார் அதிபர் அபூத் ஜும்பே ஒன்றிய அமைப்பையே கேள்விக்குள்ளாக்க முற்பட்டபோது, விவகாரம் அந்த மன்றத்துக்குப் போகவில்லை. ஆளும் கட்சியின் செயற்குழுவுக்குப் போனது, அவர் பதவி விலக நேர்ந்தது. 1977இல் இரு பகுதிகளின் ஆளும் கட்சிகளும் இணைந்து உருவான சி.சி.எம். கட்சிதான் இன்றுவரை இரு இடங்களிலும் ஆட்சியில் இருக்கிறது. 1992 வரை வேறு கட்சிக்கே இடமில்லை. என் கணிப்பில், அரசமைப்புச் சட்டம் வரைந்த கோட்டை இந்த அறுபதாண்டுகளாகப் பாதுகாத்தும் நகர்த்தியும் வந்தது நீதிமன்றத்தைவிட இந்தக் கட்சிதான்.

பெட்ரோலியம் இதற்கு நல்ல சான்று. அது அட்டவணையில் 15ஆவது இனம், எனவே ஒன்றிய விவகாரம். தீவினர் நெடுங்காலம் எதிர்த்தார்கள். 2015இல் நாடாளுமன்றம் இயற்றிய பெட்ரோலியச் சட்டம், சான்சிபார் தன் எண்ணெய், எரிவாயு வளத்தைத் தானே நிர்வகித்துக்கொள்ள வழிவிட்டது. 2016இல் பிரதிநிதிகள் சபை தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. அட்டவணை மட்டும் திருத்தப்படவில்லை. அரசமைப்புச் சட்டம் ஒன்றியத்திடம் கொடுத்ததைச் சாதாரணச் சட்டம் ஒன்று இறக்கிவைக்கலாமா என்று கேட்டால் எந்த வழக்கறிஞரும் தலையைச் சொறிவார். யாரும் வழக்காடாததால் அது நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் உறவினரின் ஒப்பீட்டுக்கு வருகிறேன். காஷ்மீரோடு ஒப்பிடுவது பாதிவரை சரி: இரண்டிலும் இணைப்பின்போது சில விவகாரங்கள் மட்டும் ஒப்படைக்கப்பட்டு, பிறகு பட்டியல் நீண்டது. ஆனால் பாதுகாப்பின் வடிவம் வேறு. 370ஆம் பிரிவை நீக்கும் வழி அந்தப் பிரிவுக்குள்ளேயே, குடியரசுத் தலைவரின் அறிவிக்கை என்ற வடிவில் இருந்தது. அதற்குப் பரிந்துரை தர வேண்டிய காஷ்மீர் அரசியல் நிர்ணய சபை 1957இலேயே கலைந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் நடந்ததை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர் 11 அன்று செல்லும் என்றது. தான்சானியாவில் சான்சிபார் அரசின் அதிகாரம், அதன் உயர் நீதிமன்றம், ஒன்றிய விவகாரங்களின் பட்டியல், நாடாளுமன்றத்தில் சான்சிபார் உறுப்பினர்களின் எண்ணிக்கை ஆகிய இவற்றை மாற்ற வேண்டுமானால், 98ஆம் பிரிவின்படி பெருநில உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கும் சான்சிபார் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தனித்தனியே வேண்டும். தீவின் மக்கள்தொகை நூற்றுக்கு மூன்றுபேர் என்றாலும், அதன் உறுப்பினர்கள் சேர்ந்து நின்றால் ஒரு திருத்தத்தை நிறுத்திவிட முடியும். ஓர் அறிவிக்கையால் ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல அது. இரு பக்கமும் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் இந்தப் பூட்டு எவ்வளவு உறுதி என்ற கேள்வி எஞ்சுகிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு அரசுகளும் எப்படி ஒரே இடத்தில் தனித்தனியே இயங்குகின்றன என்பதைப் பார்க்க 2015 தேர்தலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அக்டோபர் 25 அன்று சான்சிபார் வாக்காளர் ஒருவர் வாக்குச்சாவடிக்குள் போனால் அவர் கையில் ஐந்து வாக்குச்சீட்டுகள்: ஒன்றிய அதிபருக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சான்சிபார் அதிபருக்கு ஒன்று, பிரதிநிதிகள் சபைக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று. முதல் இரண்டும் ஒன்றியத் தேர்தல் ஆணையத்துக்கு உரியவை. மற்றவை சான்சிபார் ஆணையத்துக்கு. மூன்று நாள் கழித்து சான்சிபார் ஆணையத் தலைவர் முறைகேடுகளைக் காரணம் காட்டித் தீவின் தேர்தலையே ரத்து செய்தார். அதே வரிசையில் நின்று, அதே மனிதர் போட்ட ஒன்றிய வாக்குகள் செல்லுபடியாயின. ஒன்றிய அதிபர் நவம்பர் 5 அன்று பதவியேற்றார். தீவுக்கு மறுதேர்தல் 2016 மார்ச் 20 அன்று நடந்தது. பிரதான எதிர்க்கட்சி அதைப் புறக்கணித்தது.

இனி உங்கள் மகளின் நிலை. விசாவும் வதிவிட அனுமதியும் குடிவரவைச் சேர்ந்தவை, ஆகவே ஒன்றியத்துக்கு உரியவை. மாணவர்களுக்கு வழங்கப்படுவது 'சி' வகை வதிவிட அனுமதி. தார் எஸ் சலாமிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சான்சிபார் நகரத் துறைமுகத்தில் இறங்கலாம்; ஒரே நாட்டுக்குள் நடக்கும் பயணம்தான் என்றாலும் அங்கே வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் கேட்பது உண்டு, எனவே அது எப்போதும் கையில் இருக்கட்டும். படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்க விரும்பினால் பணி அனுமதியை சான்சிபாரின் தொழிலாளர் துறை தர வேண்டும், வதிவிட அனுமதியை ஒன்றியக் குடிவரவுத் துறை தர வேண்டும். பெருநிலத்தில் பெற்ற பணி அனுமதி தீவில் செல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காவல் நிலையம் வரை போகும் சிக்கல் நேர்ந்தால், வந்து விசாரிப்பது ஒன்றியக் காவல்துறை. அவர்கள் கையாளும் குற்றவியல் சட்டம் பெரும்பாலும் சான்சிபாரின் சட்டம். அது 2018இல் புதிதாக இயற்றப்பட்டது. வழக்கு நடத்துவது சான்சிபாரின் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர். விசாரிப்பது சான்சிபார் நீதிமன்றம். இறுதி மேல்முறையீடு மட்டும் மறுபடியும் ஒன்றியத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். சான்சிபார் அரசமைப்புச் சட்டத்தின் பொருளைப் பற்றிய வழக்குகளும், காதி நீதிமன்றங்களில் தொடங்கும் இஸ்லாமியத் தனிநபர் சட்ட வழக்குகளும் அங்கே போவதில்லை. அவை தீவோடு முடிந்துவிடும். ஆகவே வழக்கறிஞர் தேவைப்பட்டால் சான்சிபார் நீதிமன்றங்களில் வழக்காடும் உரிமை பெற்றவரா என்பதைக் கேட்டறிந்து அமர்த்துங்கள். இந்தியாவின் தூதரகம் தார் எஸ் சலாமில் இருக்கிறது. சான்சிபாரில் ஒரு துணைத் தூதரகமும் உண்டு. மகள் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கே தன் விவரத்தைப் பதிந்துகொள்வது நல்லது.

பட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. 2023 ஜூலையில் இந்தியக் கல்வி அமைச்சகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒப்பந்தம் செய்துகொண்டது சான்சிபாரின் கல்வி, தொழிற்பயிற்சி அமைச்சகத்தோடுதான். உயர்கல்வி ஒன்றிய விவகாரமாயிற்றே, தீவின் அமைச்சகம் எப்படிக் கையெழுத்திட்டது என்று நீங்கள் கேட்கலாம். பட்டியலில் 14ஆவது இனமாக உயர்கல்வி இருந்தும், சான்சிபார் அரசுப் பல்கலைக்கழகம் 1999இல் தீவின் சபை இயற்றிய சட்டத்தால்தான் உருவானது. பல்கலைக்கழகங்களின் ஒழுங்குமுறை ஒன்றிய ஆணையத்திடம், நிறுவி நடத்துவது தீவின் அரசிடம் என்பதாக நடைமுறை அமைந்துவிட்டது. எப்படியானாலும் உங்கள் மகளின் பட்டத்தை வழங்குவது சென்னை ஐ.ஐ.டி. இரண்டு அரசுகளுக்கிடையே என்ன நேர்ந்தாலும் கையெழுத்து சென்னையிலிருந்து வருவது.

பிரிவினை இந்த நான்காண்டுகளில் நேருமா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்றியத்தின் இருப்பே 98ஆம் பிரிவின் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிறது. பிரிந்துபோவதற்கான வழிமுறை எதையும் அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. 2021 மார்ச் முதல் ஒன்றிய அதிபராக இருக்கும் சாமியா சுலுஹு ஹாசனே சான்சிபாரைச் சேர்ந்தவர். அதிபரும் துணை அதிபரும் வெவ்வேறு பகுதியினராக இருக்க வேண்டும் என்ற விதியால் முதலில் துணை அதிபராகி, பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். நீங்கள் கவனிக்க வேண்டியது தேர்தல் காலத்தை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலின்போது தீவில் பதற்றம் எழுந்த வரலாறு உண்டு. அந்த வாரங்களில் மகள் வளாகத்தை விட்டுத் தொலைவு போகாமல் இருப்பதும், விடுமுறைப் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுவதும் நல்லது.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை இரண்டு. வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிப்பது கல்வி நிறுவனமா, மாணவியா, கட்டணம் யார் பொறுப்பு, முதல் நுழைவு எந்த விசாவில் என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் தீவுக்குள் நுழைய 44 டாலர் கட்டணத்தில் சான்சிபார் அரசின் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒன்றிய விசா கையில் இருந்தாலும் இதைத் தனியே எடுக்கச் சொல்வார்கள். வதிவிட அனுமதி பெறப்போகும் மாணவிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.